பழைய அம்பாசிடர் மக்கர் செய்தால்: வெளியூரிலிருந்து வடசென்னைக்கு ஊழியத்துக்கு வந்தவர்களுக்கு

பினாங்கு, கொழும்பு, சிங்கப்பூர் என்று எங்கிருந்து ஊழியத்துக்கு வந்தாலும், வடசென்னையில் குடியேறிய கையோடு ஒரு பழைய வண்டியும் நம் பொறுப்புக்கு வந்துவிடும். பெரும்பாலும் நமக்கு முன்பு இருந்த குடும்பம் விட்டுப்போனதாக இருக்கும். பினாங்கிலிருந்து வந்து ராயபுரத்தில் தங்கியிருக்கும் எங்களுக்கு வந்தது அம்பாசிடர் மார்க் 4. 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், ஸ்டியரிங் தண்டோடு சேர்ந்த கியர். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, எண்ணூர் என்று ஓடுகிற வண்டி. அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரும், நெருப்புப் பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்டும் உள்ள மற்ற பழைய பெட்ரோல் வண்டிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முதலில் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். பழுது எதுவென்று உறுதியாகத் தெரியும் முன் எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள். இந்த வண்டிக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் யாரோ ஒருவர் தன் தேவையைக் குறைத்துக்கொண்டு கொடுத்த காணிக்கை. "காயில் போயிருக்கும்" என்று நெருப்புப் பொறிக்கு மின்சாரம் தரும் காயில், "பம்ப் போயிருக்கும்" என்று பம்ப், இப்படி ஊகத்தில் மாற்றிக்கொண்டே போனால் பணம் கரையும், பழுது அப்படியே இருக்கும். கடைசியில் பார்த்தால் பேட்டரி முனையில் உப்புப் பூத்திருக்கும்.

மெக்கானிக்கிடம் போகும்போதும் அப்படித்தான். "கார்பரேட்டரைப் பாருங்கள்" என்று சொல்லாதீர்கள். எங்கள் பட்டறை அண்ணன் கேட்கும் முதல் கேள்வி, "இன்னா பாஸ்டர், வண்டி இன்னா சொல்லுது?" என்பதுதான். காலையில் குளிர்ந்திருக்கும்போதா, ஓடிச் சூடான பிறகா? மழைக்குப் பிறகா? திடீரென்று நின்றதா, இருமி இருமி நின்றதா? இவற்றைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

வண்டியைக் கெடுப்பவை இங்கே தெளிவாகத் தெரிந்தவை: காசிமேட்டுக் கடற்காற்றின் உப்பு, துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் சாலைகளின் புழுதி, கோடை வெயில், மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீர். இவற்றோடு இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோலும் சேர்ந்துகொண்டது. ஆனால் பழைய வண்டி வைத்துக்கொள்ள இதைவிட நல்ல இடமும் கிடையாது. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1948-இல் தொடங்கப்பட்டது ஆஸ்டின் கார்களைப் பூட்டத்தான். அந்த ஆஸ்டினும் மோரிஸும் 1952-இல் சேர்ந்து உருவான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பி.எம்.சி.) எஞ்சின்தான் நம் அம்பாசிடருக்குள் இருக்கிறது. எஞ்சினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் செல்ஃப் மோட்டாரைத் தயாரிக்கும் லூகாஸ் டிவிஎஸ் பாடி என்ற பகுதியில் இருக்கிறது. அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டாலும் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் பாகங்கள் தேடலாம்.

சாவியைத் திருப்பினால் "டக்" சத்தம் மட்டும், அல்லது ஒன்றுமே இல்லை

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். விளக்கு முதலிலேயே மங்கலாக இருந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை. நன்றாக எரிந்த விளக்கு செல்ஃப் அடித்ததும் அணைந்தே போனால் பேட்டரி முனையிலோ எர்த் வயரிலோ பிடிப்பு இல்லை. விளக்கில் மாற்றமே இல்லாமல் செல்ஃப் மட்டும் பேசாமல் இருந்தால் சாவி ஸ்விட்ச், செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சொலினாய்டு, செல்ஃப் மோட்டார் பக்கம் போங்கள்.

இந்தக் கடலோரத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பேட்டரி முனைகளை. பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தால் கழற்றி, வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கிவிட்டு மேலே வேஸ்லின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வண்டி நின்றிருக்கும்போது 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் சார்ஜ் போட வேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். அதற்கு வரவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள், சார்ஜ் ஆகும் பக்கம்தான் கோளாறு. முதலில் ஃபேன் பெல்ட்டைப் பாருங்கள்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. எஞ்சின் ரப்பர் மவுண்ட்டுகள் மேல் உட்கார்ந்திருப்பதால், அதை பாடியோடு இணைக்க ஒரு பட்டையான எர்த் வயர் இருக்கும். அது துருப்பிடித்து அறுந்தால் மின்சாரம் வேறு வழி தேடி, கார்பரேட்டருக்குப் போகும் சோக் கேபிள் வழியாகப் போகும். செல்ஃப் அடித்த பிறகு சோக் கேபிள் சுட்டால் சந்தேகமே வேண்டாம், அந்த எர்த் பட்டைதான்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

பெட்ரோல் வரவில்லை, அல்லது பிளக்கில் நெருப்பு (பொறி) வரவில்லை. இந்த இரண்டில் எது என்று பிரித்துவிட்டால் போதும்.

நெருப்பை முதலில் பாருங்கள்; பெட்ரோல் குழாயைக் கழற்றும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரிலேயே மாட்டி, பிளக்கின் உடல் எஞ்சின் இரும்பைத் தொடும்படி வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீல நிறத்தில் "பட் பட்" என்று பொறி வந்தால் நல்லது. மஞ்சளாக, வலுவில்லாமல் வந்தாலோ வரவே இல்லை என்றாலோ, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறங்கள்; பாயிண்ட் அதற்குள்தான் இருக்கும். பாயிண்ட் கருகியிருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, முழுக்கத் திறந்திருக்கும் நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரும்படி வையுங்கள். சீக்கிரம் சீக்கிரமாகப் பாயிண்ட் கருகினால் குற்றம், பாயிண்டில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சர் மேல். அதை விட்டுவிட்டுப் பாயிண்டை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது வீண்செலவு. பிளக் இடைவெளி ஏறக்குறைய 0.6 மி.மீ. ஹாக்சா பிளேடின் கனமும் ஏறக்குறைய அதே அளவு என்பதால், ஃபீலர் கேஜ் இல்லாத இடத்தில் பட்டறைக்காரர்கள் அதை வைத்துப் பார்ப்பார்கள். அவசரத்துக்குச் சரிதான்.

நெருப்பு நன்றாக இருந்தால், பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டு ஏசி பம்புக்குப் போங்கள். எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் பெட்ரோல் பம்பை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அதன் அடியில் கையால் அழுத்தும் சின்ன நெம்புகோல் இருக்கும். கார்பரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, அந்த நெம்புகோலை அழுத்துங்கள். பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால் அடைப்பு கார்பரேட்டருக்குள்: ஊசி வால்வு அல்லது பெட்ரோல் பாயும் நுண்துளையான ஜெட். பீய்ச்சவில்லை என்றால் ஃபில்டர், டேங்க் குழாய், பம்பின் ரப்பர் சவ்வான டயாஃபிரம். எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பரை மெதுவாகத் தின்கிறது. டயாஃபிரம் விறைத்துப்போகிறது, ஹோஸ் உள்பக்கமாக உரிந்து அந்தத் துகள் போய் ஜெட்டை அடைக்கிறது. அதனால் கார்பரேட்டரைச் சுத்தம் செய்தும் சில வாரத்தில் அதே பழுது வந்தால், ஹோஸ்களை முழுக்க மாற்றுங்கள். எத்தனாலுக்கு ஏற்றது என்று கேட்டு வாங்குங்கள். பழைய இருப்பில் கிடக்கும் "ஒரிஜினல்" ரப்பர் இந்த ஒரு விஷயத்தில் உதவாது. வேலை முடிந்ததும் பாட்டில் பெட்ரோலை அப்புறப்படுத்திவிட்டுத்தான் அடுத்த முறை செல்ஃப் அடிக்க வேண்டும்.

மழைக்குப் பிறகு மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை, அல்லது எஞ்சின் தட்டுத் தடுமாறுகிறது

டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம். மூடியைக் கழற்றி, உள்ளே காய்ந்த துணியால் துடைத்து, அதற்குள் சுழலும் ரோட்டாரையும் துடைத்து மாட்டுங்கள். பத்தில் ஒன்பது தடவை இது போதும். துடைத்தும் திரும்ப வந்தால் மூடியின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். முடியிழை மாதிரி மெல்லிய கருப்புக் கோடு தெரிந்தால் நெருப்பு அந்த வழியே ஒழுகுகிறது. மூடியை மாற்றியே ஆக வேண்டும்.

கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும் நாளில் சுற்றிக்கொண்டு போங்கள். நேரம் ஆனாலும் பரவாயில்லை. தண்ணீருக்குள் நின்றுபோன வண்டியைத் திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்கவே கூடாது. காற்று வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அதோடு எஞ்சினையே பிரிக்க வேண்டியதுதான். தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து, நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டுச் சுற்றிப் பாருங்கள். ஆயிலையும் பாருங்கள், பால் கலந்தாற்போல் இருந்தால் மாற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

காலையில் நன்றாக ஓடியது, டிராஃபிக்கில் நின்றது, அரை மணி கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆனது

மே மாத மத்தியானத்தில், எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் வரும் பழுது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று, பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி பம்பால் இழுக்க முடியாமல் போவது. இன்னொன்று, காயிலோ கண்டென்சரோ சூட்டில் செயலிழப்பது. ஆறினால் இரண்டுமே சரியாகிவிடுவதால் பட்டறைக்குப் போய்ச் சேரும்போது பழுதைக் காட்ட முடியாது. ஆகவே நின்ற இடத்திலேயே சோதிக்க வேண்டும்.

வண்டியை ஓரம்கட்டி, பானட்டைத் திறந்து, உடனே நெருப்பைப் பாருங்கள். நெருப்பு வருகிறதா? அப்படியானால் பெட்ரோல்தான். பம்ப் மீதும் குழாய் மீதும் ஈரத்துணியைப் போட்டுச் சற்று நேரம் காத்திருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய பெட்ரோலைவிடச் சுலபமாக ஆவியாகும், அதனால் முன்பு வராத வண்டிகளிலும் இப்போது இது வருகிறது. நிலையான தீர்வு, பெட்ரோல் குழாய் சைலன்சர் மேனிஃபோல்டுக்கு அருகே போகாமல் விலக்கிக் கட்டுவதும், வெப்பம் தாங்கும் உறை போடுவதும். நெருப்பு வரவில்லையா? காயிலைத் தொட்டுப் பார்க்கலாம், கவனமாக. கை வைக்க முடியாத சூடு என்றால் காயில் மேல் சந்தேகம். கையிருப்பில் ஒரு கண்டென்சர் வைத்திருந்தால் முதலில் அதை மாற்றிப் பாருங்கள். காயிலைவிட அது பல மடங்கு மலிவு.

சூட்டு முள் ஏறுகிறது

ஓரம்கட்டுங்கள், எஞ்சினை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைத் துணி வைத்துப் பிடித்து, மெத்தென்று ஆன பிறகுதான் திறக்க வேண்டும்.

பார்க்கும் வரிசை: ஃபேன் பெல்ட், தண்ணீர் அளவு, ஹோஸ் கசிவு, ரேடியேட்டரின் முகப்பில் அடைந்திருக்கும் புழுதி. ஓடும்போது சூடாகாமல் டிராஃபிக்கில் நிற்கும்போது மட்டும் சூடானால் பெல்ட்டோ புழுதியோ. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது சூடானால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது.

உள்ளே ஏன் அடைக்கிறது? நாம் ஊற்றும் தண்ணீரால். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது தெரிந்த விஷயம்; வடசென்னையில் பல வீடுகளின் போர் தண்ணீரும் உப்புக் கரிக்கும். அதை ரேடியேட்டரில் ஊற்றினால் எஞ்சினுக்குள் உப்புப் படிவு கட்டும், துருவும் பிடிக்கும். வழியில் வேறு வழியில்லாமல் ஊற்றினால், வீட்டுக்கு வந்ததும் முழுக்க வடித்துவிட்டு பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் கூலன்ட் கலந்து நிரப்புங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

"இந்த ஊருக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு, கழட்டிப் போடு" என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது இல்லாமல் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் அதிகம். சந்தேகம் என்றால் கழற்றி, பாத்திரத்தில் தண்ணீரில் போட்டுச் சூடேற்றுங்கள். 80 டிகிரியைத் தாண்டும் அளவில் திறந்துகொண்டால் நல்ல நிலையில் இருக்கிறது.

தண்ணீர் வெளியே எங்கும் ஒழுகாமல் குறைந்துகொண்டே போகிறது, ரேடியேட்டரில் குமிழி வருகிறது, ஆயில் மூடியின் அடியில் தயிர் போல வெள்ளையாகப் படிந்திருக்கிறது என்றால், எஞ்சினுக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. வண்டியை ஓட்டாதீர்கள். ஹெட்டைக் கழற்றும்போது லேத்தில் கொடுத்து அது வளைந்திருக்கிறதா என்று பார்க்காமல் புதுக் கேஸ்கெட் போட்டால் அந்தக் கூலி முழுக்க வீண்.

பிரேக்கில் எந்தக் கோளாறு இருந்தாலும்

இதில் "நாளைக்குப் பார்க்கலாம்" கிடையாது. பின் சீட்டில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி இது.

மிதித்தால் பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்குகிறதா? லைனில் காற்று, ஏர் எடுக்க வேண்டும். முதல் மிதியில் கீழே போய், இரண்டாவது மூன்றாவது மிதியில் மேலே வருகிறதா? ஷூ தேய்ந்திருக்கிறது அல்லது டிரம் அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருக்கிறது. காலை அப்படியே அழுத்தி வைத்திருக்கும்போது பெடல் மெதுவாகக் கீழே இறங்குகிறது, வெளியே எங்கும் கசிவும் இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் போய்விட்டது. பிரேக் ஆயில் குறைந்துகொண்டே வந்தால் நான்கு டயரின் உள்பக்கத்தையும் பாருங்கள். ஈரக் கறை தெரியும் சக்கரத்தின் வீல் சிலிண்டர்தான் கசிகிறது. வண்டி ஒரு பக்கம் இழுத்தால், இழுக்கும் பக்கத்தை அல்ல, எதிர்ப்பக்கத்தை முதலில் பிரியுங்கள். பெரும்பாலும் அங்கேதான் பிடிப்பு இருக்காது. பிரேக் பிடித்த பிறகு விடமாட்டேன் என்றால், பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி ஆயிலைத் திரும்ப விடாமல் தடுக்கிறதா என்று பாருங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். கடலோரத்தில் ஈரம் எப்போதும் உண்டு. 2 வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றுங்கள். அவசரத்துக்குக்கூட எஞ்சின் ஆயிலை அதில் ஊற்றக் கூடாது, எல்லா ரப்பரும் ஊதிப்போய் பிரேக்கே இல்லாமல் போகும். தேங்கிய தண்ணீரைக் கடந்த பிறகு டிரம்முக்குள் நனைந்திருக்கும். மெதுவாக ஓட்டியபடியே பிரேக்கை லேசாக மிதித்து மிதித்துக் காய வைத்துவிட்டுத்தான் வேகம் எடுக்க வேண்டும்.

புகை

நீலம் என்றால் ஆயில் எரிகிறது, கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம், சூடான பிறகும் நிற்காத வெள்ளை என்றால் தண்ணீர். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப்புகை வந்து நின்றால் வால்வு பக்கம். இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். மேம்பாலம் ஏறும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. சிலிண்டருக்குள் கம்ப்ரஷன் (அழுத்தம்) எவ்வளவு என்று பார்க்காமல் எஞ்சின் வேலைக்குச் சம்மதிக்காதீர்கள்.

ஸ்டியரிங் கனக்கிறது, முன்பக்கம் "கடக் கடக்"

டயர் காற்று, அப்புறம் கிரீஸ். முன் சக்கரப் பக்கம் இருக்கும் நிப்பிள்கள் எல்லாவற்றிலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். மாதம் ஒருமுறை அடித்தால் முன்பக்க வேலை பல வருடத்துக்கு வராது.

வண்டிக்குள் புகை நாற்றம், கால் வைக்கும் இடத்தில் ஈரம்

தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறது. சைலன்சர் புகை அதன் வழியே உள்ளே வந்தால் உயிருக்கே ஆபத்து. கண்ணாடிகளைத் திறந்து வைத்து நேராகப் பட்டறைக்குப் போங்கள். வராமல் தடுக்க, கடற்கரை ஓரம் ஓடிய வாரங்களில் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுங்கள். கதவுகளின் அடியில் தண்ணீர் வடியும் சின்ன ஓட்டைகள் மண்ணால் அடைபடும். ஒரு குச்சியால் குத்தி விட்டாலே கதவு பிழைக்கும். துருவுக்கு மேல் பட்டி பூசிப் பெயின்ட் அடிப்பது கண்ணை ஏமாற்றும் வேலை. துருவை வெட்டி எடுத்துவிட்டுத் தகடு வைத்து வெல்டிங் செய்யும் டிங்கரைத் தேடுங்கள்.

விடுப்பில் ஊருக்குப் போய்த் திரும்பினால் வண்டி நகரவில்லை

ஊழியக் குடும்பங்களுக்கே உரிய பழுது இது. இரண்டு மூன்று மாதம் வண்டி சும்மா நிற்கும். ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தியிருந்தால் உப்புக் காற்றில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். டிரம்மை வெளியிலிருந்து மரச்சுத்தியலால் சுற்றித் தட்டிவிட்டு மெதுவாக முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். என்ஜின் பலத்தால் இழுக்காதீர்கள். எஞ்சின் ஓடும்போது மட்டும் கியர் விழவில்லை, அணைத்தால் விழுகிறது என்றால் கிளட்ச் பிளேட் ஒட்டியிருக்கலாம்.

போகும் முன் செய்ய வேண்டியது: ஹேண்ட் பிரேக்கை விட்டு, கியரில் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். டேங்கை நிரப்பி வையுங்கள். பாதி காலியான டேங்கில் ஈரக்காற்று தங்கும், எத்தனால் அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கடைசியில் தண்ணீர் அடியில் தங்கித் துருப்பிடிக்கும். எலி வயரைக் கடிக்காமல் இருக்க, வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து பார்க்கப் பக்கத்து வீட்டுத் தம்பி யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

போலீஸ் நிறுத்துகிறது

இதுவும் வண்டி நிற்பதுதான். 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அதன் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை. இவ்வளவு பழைய வண்டிக்குப் புகைச் சான்றிதழ் 6 மாதம்தான் செல்லும். இன்ஷூரன்ஸ் கட்டாயம். நெடுநாள் தங்க வந்தவர்கள் சர்வதேச லைசென்ஸை நம்பி இருக்காமல் இங்கேயே லைசென்ஸ் எடுத்துவிடுங்கள். முக்கியமாக, ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். எப்போதோ ஊர் திரும்பிய ஒரு ஊழியர் பெயரிலேயே அது இருந்தால், புதுப்பிக்கவும் முடியாமல் இன்ஷூரன்ஸ் பணம் கேட்கவும் முடியாமல் சிக்கிக்கொள்வீர்கள். அவர் உயிரோடு, தொடர்பில் இருக்கும்போதே கையெழுத்து வாங்கி, டிரஸ்ட் அல்லது சபை பெயருக்கு மாற்றிவிடுங்கள். ஆர்.சி. நகலோடு ஒரு நோட்டையும் டேஷ்போர்டில் வையுங்கள். எந்த அறிகுறி வந்தது, எதைச் சோதித்தோம், எது காரணமாக இருந்தது, என்ன மாற்றினோம் என்று தேதி போட்டு அதில் எழுதுங்கள். அடுத்து வரும் குடும்பத்துக்குச் சாவியோடு அதையும் கொடுங்கள்.